பெற்றோரிடம் சொல்லாமல் போனவர்

இவ்வாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மொழிக் கழகத் தம்பிகள் கேட்டபோது, அதிகம் யோசிக்காமல் ஹூனிப்பெரோ செர்ராவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். யார் அவர் என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா போகும்வரை எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. போன பிறகோ, எங்கே திரும்பினாலும் அவர்தான். நெடுஞ்சாலைக்கு அவர் பெயர், பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர், பூங்காவில் அவர் சிலை. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அந்தக் கடற்கரையில் எழுந்த கத்தோலிக்க மிஷன் ஆலயங்களுக்கு அடித்தளம் போட்ட பாதிரியார் அவர்.

எனக்கு அவர் மேல் அக்கறை வந்ததற்குக் காரணம் ஆலயம் அன்று, ஒரு கடிதம். பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஊரைவிட்டுக் கப்பலேறுமுன் எழுதிய கடிதம் ஒன்றின் மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டது. அதைப் படித்துவிட்டு அன்று பாடப் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஏன் என்பதைச் சொல்ல அவருடைய கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்பெயின் நாட்டுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் மயோர்க்கா என்றொரு தீவு. அதில் பெத்ரா என்ற சிற்றூரில் 1713 நவம்பர் 24-ஆம் நாள் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மிக்கேல் ஜோசப். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் மெலிந்த உடம்புக்காரன். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடியைச் சற்றே தாண்டியதுதான். ஊரில் இருந்த பிரான்சிஸ்கன் துறவிகளிடம் படித்தவன், 1730-இல் தலைநகர் பால்மாவில் அவர்களுடைய சபையிலேயே சேர்ந்துவிட்டான். புனித பிரான்சிஸின் சீடர்களில் வெகுளியும் விளையாட்டுத்தனமும் நிறைந்த ஒருவர் இருந்தார். அவருடைய பெயர்தான் ஹூனிப்பெரோ. இளந்துறவி அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் விளையாட்டுத்தனத்துக்கும் அவருக்கும் வெகுதூரம்!

படிப்பில் அவர் கெட்டிக்காரர். தத்துவம் கற்பித்தார், இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார், பால்மாவின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார். நம்மைப்போன்ற பட்டதாரிகளின் கனவு இதோடு முடிந்துவிடும். முப்பத்தைந்து வயதில் அவர் அத்தனையையும் விட்டார். ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் பழங்குடியினரைக் கிறிஸ்தவராக்கும் பணிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் தம் மாணவர் பிரான்செஸ்க் பலோவுடன் கிளம்ப முடிவு செய்தார்.

1749-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சொந்த ஊரான பெத்ராவுக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார். வயதான தாய் தந்தையோடு இருந்தார். விடைபெற்றார். திரும்பி வரப்போவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்துக் காதிஸ் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில், பெத்ராவில் இருந்த ஒரு துறவிக்குக் கடிதம் எழுதினார். பெற்றோருக்குப் படிக்கத் தெரியாததால், அதை அவர்களிடம் படித்துக்காட்டி ஆறுதல் சொல்லுமாறு வேண்டினார். நான் பார்த்தது அந்தக் கடிதத்தைத்தான். தம் பிரிவைத் துயரமாக எண்ணாமல் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும்படி பெற்றோரை அதில் கேட்டுக்கொள்கிறார். மகன் அருகில் இருப்பதைவிடக் கடவுளின் பணியில் இருப்பதே அவர்களுக்குப் பேறு என்கிறார். வரிக்கு வரி அன்பு இருக்கிறது. ஆனால் நேரில் சொல்லத் துணிவில்லாத ஒருவரின் அன்பு அது.

எனக்கு ஏன் அது சுட்டது என்றால், நானும் கலிபோர்னியா போகும் செய்தியை விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மாவிடம் சொல்லும் பொறுப்பை அக்காவின் தலையில் கட்டினேன். நான் இரண்டு ஆண்டில் திரும்பிவிட்டேன். செர்ரா தம் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை.

பயணத்தின் தொடக்கமே ஆபத்தாக இருந்தது. மயோர்க்காவிலிருந்து ஸ்பெயினின் கரைக்கு அழைத்துச் சென்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன் மதச் சண்டைக்காரன். வாதத்தில் தோற்ற ஆத்திரத்தில் ஒருநாள் செர்ராவின் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான் என்று பலோவ் பின்னர் எழுதியிருக்கிறார். அட்லாண்டிக் கடலில் குடிநீர்த் தட்டுப்பாடு. டிசம்பரில் மெக்சிகோவின் வெராக்ருஸ் துறையில் இறங்கியதும் மற்றவர்கள் குதிரைக்குக் காத்திருக்க, இவரோ இன்னொரு துறவியோடு தலைநகருக்கு நடக்கத் தொடங்கினார். நானூறு கிலோமீட்டர் தூரம். வழியில் ஏதோ பூச்சி கடித்துக் கால் வீங்கிப் புண்ணானது. 1750 புத்தாண்டு நாளில் மெக்சிகோ நகரை அடைந்தார். அந்தக் காற்புண் சாகும்வரை ஆறவில்லை. அவரும் சாகும்வரை நடப்பதை நிறுத்தவில்லை.

சியெரா கோர்தா என்ற மலைப்பகுதியில் எட்டு ஆண்டுகள் பாமே பழங்குடியினரிடையே பணியாற்றினார். அங்கே அவர்களுடைய மொழியைக் கற்று, வழிபாட்டு மன்றாட்டுகளை அதில் சொல்லவும் முயன்றார். ஹால்பானில் அவர் காலத்தில் எழுந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. பின்னர் தலைநகரில் இருந்த ஆண்டுகளில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. பாவத்துக்கு வருந்தும்படி மக்களை அழைக்கும்போது மேடையிலேயே கல்லால் தம் மார்பில் அடித்துக்கொள்வார். சில வேளைகளில் சங்கிலியால் தம் முதுகில் அடித்துக்கொள்வார். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாட்டையை அவர் முதலில் தம் உடம்பில்தான் பழகினார்.

1767-இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றினார். பாகா கலிபோர்னியாவில் அவர்கள் நடத்திவந்த மிஷன்கள் பிரான்சிஸ்கன்களிடம் வந்தன. தலைவராகச் செர்ரா நியமிக்கப்பட்டார். அதற்குள் ரஷ்யர்கள் வடக்கிலிருந்து இறங்கிவிடுவார்களோ என்ற அச்சம் அரசாங்கத்துக்கு. எனவே கலிபோர்னியாவின் மேற்பகுதியையும் பிடித்துவிட 1769-இல் ஒரு படை புறப்பட்டது. இராணுவத்துக்குக் கஸ்பார் தெ போர்த்தொலா, ஆன்மாக்களுக்குச் செர்ரா. வயது ஐம்பத்தைந்து. வழியில் கால் மிகவும் மோசமாகி எழுந்திருக்க முடியாமல் போனபோது, கோவேறு கழுதைக்காரன் ஒருவனை அழைத்து, கழுதைக்குப் போடும் மருந்தையே எனக்கும் போடு என்றாராம். அவன் கொழுப்பையும் பச்சிலையையும் கலந்து கட்டினான். மறுநாள் நடந்தார்.

ஜூலை 16-ஆம் நாள் சான் டியேகோவில் முதல் மிஷன் தொடங்கப்பட்டது. மிஷன் என்றால் ஆலயம் மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. வயல், தொழுவம், பட்டறை, குடியிருப்பு எல்லாம் சேர்ந்த ஒரு வளாகம் அது. கடல்வழி வந்தவர்கள் பலர் ஸ்கர்வி நோயில் மாண்டுகொண்டிருந்தார்கள். குமெயாய் மக்கள் இந்தப் புதியவர்களை நம்பவில்லை. மாதக்கணக்கில் ஒருவர்கூட ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. ஒருநாள் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். செர்ராவுக்கு ஆனந்தம். சடங்கைத் தொடங்கி, தலையில் ஊற்றுவதற்காக நீரைக் கையில் எடுத்த நொடியில், உறவினர்கள் குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்தக் காட்சியை நினைத்து அவர் பல ஆண்டுகள் கண்ணீர் விட்டார். தம் பாவமே காரணம் என்று நம்பினார். பெற்ற குழந்தையை அந்நியர் கையில் கொடுக்க ஒரு தாய்க்குப் பயமாக இருந்திருக்கலாம் என்ற எளிய காரணம் அவருக்குத் தோன்றவில்லை போலும்.

மறு ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் மாண்டரே விரிகுடாவின் கரையில் சான் கார்லோஸ் மிஷன் பிறந்தது. அருகிலேயே படைக் கோட்டை. படைத்தலைவர் பெத்ரோ ஃபாகேஸுக்கும் செர்ராவுக்கும் ஒத்துப்போகவில்லை. நிலமும் நீரும் அங்கே போதவில்லை; படைவீரர்களோ பழங்குடிப் பெண்களிடம் அத்துமீறினார்கள். ஆகவே 1771-இல் மிஷனைச் சில மைல் தள்ளிக் கார்மல் ஆற்றருகே மாற்றினார். மரக்கம்பங்களை நட்டு முதல் ஆலயம் எழுந்தது. அதுவே கடைசிவரை அவருடைய தலைமையகம்.

வீரர்களின் அட்டூழியம் நிற்கவில்லை. மற்ற மிஷன்களிலிருந்தும் அதே செய்தி. கயிற்றுச் சுருக்கு வீசிப் பெண்களைப் பிடித்தார்கள். தடுக்க வந்த ஆண்களைச் சுட்டார்கள். 1772-இல் செர்ரா கப்பலேறி மெக்சிகோவுக்கே போனார், அரசப் பிரதிநிதி புகரேலியிடம் முறையிட. கார்மலில் ஞானஸ்நானம் பெற்ற ஹுவான் என்ற சிறுவனையும் கூட்டிச் சென்றார். ஸ்பானியர்கள் முதன்முதலில் வந்தபோது கூடவே பெண்கள் யாரும் இல்லாததைப் பார்த்து, இவர்கள் கோவேறு கழுதைகளுக்குப் பிறந்தவர்கள் என்று தன் ஊரார் நினைத்ததாக அந்தச் சிறுவன் அவரிடம் சொல்லியிருக்கிறான். (இதைவிட நல்ல ஊகம் அந்த நிலையில் நமக்கும் தோன்றியிருக்காது.) வழியில் இருமுறை காய்ச்சலில் கிடந்து, 1773 மார்ச்சில் முப்பத்திரண்டு கோரிக்கைகள் கொண்ட மனுவைக் கொடுத்தார். ஃபாகேஸ் மாற்றப்பட்டார். ஒழுக்கங்கெட்ட வீரர்களை அகற்றும்படி கேட்கும் உரிமையும் பாதிரியார்களுக்குக் கிடைத்தது. அதே மனுவின் பயனாக இன்னொன்றும் உறுதியானது: ஞானஸ்நானம் பெற்ற பழங்குடியினரை நடத்துவதும் திருத்துவதும் தண்டிப்பதும், பெரிய குற்றங்கள் நீங்கலாக, பாதிரியார்களின் பொறுப்பு, தந்தை தம் பிள்ளைகளை வளர்ப்பது போல.

செர்ராவின் வாழ்வு முழுவதும் அந்தத் தந்தை என்ற சொல்லில்தான் சிக்கிக் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஞானஸ்நானம் பெற்றவர் மிஷனைவிட்டு நினைத்தபடி போக முடியாது. மணியடித்தால் வழிபாடு, மணியடித்தால் வேலை, மணியடித்தால் சோறு. மணமாகாத பெண்களை இரவில் தனிக்கொட்டடியில் பூட்டிவைக்கும் வழக்கம் மிஷன்களில் ஊன்றியது. ஓடிப்போனால் வீரர்கள் பிடித்துவருவார்கள், பிறகு சாட்டை. தோட்டத்தில் பெரட்டு மணியைக் கேட்டு எழுந்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1775-இல் கார்மலிலிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்ட சிலரைச் செர்ரா மாண்டரே கோட்டைக்கு அனுப்பினார். அவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று முறை சாட்டையடி கொடுக்கும்படி படைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். விலங்கு இல்லாவிட்டால் மிஷனிலிருந்தே அனுப்பிவைப்பதாகவும் எழுதினார். இதைப் படித்தபோது பெத்ராவின் முதியவர்களுக்கு ஆறுதல் எழுதிய அதே கையா என்று திகைத்துப்போனேன். 1780-இல் ஆளுநர் ஃபெலிப்பே தெ நெவே, பழங்குடியினர் தங்களுக்குள் ஊர்த்தலைவர்களைத் தேர்ந்தெடுத்து ஓரளவு தங்களையே ஆண்டுகொள்ளட்டும் என்று வலியுறுத்தியபோது செர்ரா எதிர்த்தார். ஆன்மத் தந்தையர் தம் பிள்ளைகளை அடித்துத் திருத்துவது அமெரிக்காவை வென்ற நாள்முதல் உள்ள வழக்கம், புனிதர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது அவருடைய வாதம்.

அவரை வெறும் கொடியவர் என்று முடித்துவிடலாம் என்று நான் நினைத்த வேளையில்தான் சான் டியேகோ கலகத்தைப் பற்றிப் படித்தேன். 1775 நவம்பரில் குமெயாய் மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு அந்த மிஷனை எரித்தார்கள். லூயிஸ் ஹாய்மே என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். அவரும் மயோர்க்காக்காரர். படையினர் பழிவாங்கத் துடித்தார்கள். செர்ராவோ அரசப் பிரதிநிதிக்கு எழுதி, கொன்றவர்களைக் கொல்லக்கூடாது, மன்னித்து உயிரோடு விட வேண்டும் என்று மன்றாடினார். அதற்கு முன்பே, தம்மைப் பழங்குடியினர் கொன்றாலும் அப்படியே மன்னிக்க வேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. தளபதியும் அரசாங்கமும் அன்று நினைத்துப் பார்க்காத இரக்கம் அது. கலகக்காரர்களுக்கு மரண தண்டனை கிடைக்கவில்லை.

அதே மனிதர்தான் இரண்டையும் செய்தார். எனக்குத் தோன்றுவது இதுதான்: பிள்ளைகள் என்று நம்பியதால் மன்னிக்கச் சொன்னார், பிள்ளைகள் என்று நம்பியதால் அடிக்கவும் சொன்னார். அவர்கள் வேறு பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்தவர்கள் என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை.

சான் அந்தோனியோ, சான் காப்ரியேல், சான் லூயிஸ் ஒபிஸ்போ, சான் ஹுவான் கப்பிஸ்த்ரானோ, சான் பிரான்சிஸ்கோ, சாந்தா கிளாரா என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 1782-இல் சான் புவேனவெந்தூரா. அதோடு ஒன்பது. அவருக்குப் பின் வந்தவர்கள் அதை இருபத்தொன்றாக்கினார்கள். அவர் கையால் உறுதிபூசுதல் பெற்றோர் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல்.

1784 ஆகஸ்டில் நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் முற்றின. பழைய மாணவர் பலோவ் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து சேர்ந்தார். இறுதி நற்கருணையை அறைக்கே கொண்டுவருவது வழக்கம். நடக்க முடிகிறபோது கடவுளைத் தம்மிடம் வரவைப்பது முறையன்று என்று சொல்லித் தாமே ஆலயத்துக்கு நடந்தார். தச்சரிடம் சவப்பெட்டி செய்யச் சொன்னார். ஆகஸ்ட் 28-ஆம் நாள் பிற்பகல், பலகைக் கட்டிலில் படுத்தவர் பிறகு எழவில்லை. வயது எழுபது. பழங்குடி மக்கள் பூக்களோடு வந்து அழுதார்கள் என்று பலோவ் எழுதுகிறார். 1787-இல் மெக்சிகோவில் அச்சான அந்த வாழ்க்கை வரலாறு குருவின் மேல் பக்தி கொண்ட சீடர் எழுதியது. ஆனாலும் எல்லாரும் பொய்யாக அழுதிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இன்று கார்மலில் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கல் ஆலயத்தைச் செர்ரா பார்த்ததே இல்லை. அடுத்த தலைவர் ஃபெர்மின் லாசுவேன் காலத்தில், 1793-இல் தொடங்கி 1797-இல் அது முடிந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த மானுவேல் ரூயிஸ் என்ற கொத்தனாரின் மேற்பார்வையில், கல்லைச் சுமந்து வந்து கட்டியவர்கள் பழங்குடித் தொழிலாளர்கள். மூர் பாணியில் குவிந்த மணிக்கூண்டு. வாசலுக்கு மேலே சற்றுக் கோணலான ஒரு நட்சத்திரச் சாளரம். அந்தக் கோணலுக்காகவே எனக்கு அந்த ஆலயத்தைப் பிடித்துப்போனது. செர்ராவின் கல்லறை பீடத்தருகே உள்ளே இருக்கிறது. 1834-இல் மெக்சிகோ அரசு மிஷனைத் திருச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. பழங்குடியினருக்குச் சேர வேண்டிய நிலம் பெரும்பாலும் வேறு கைகளுக்குப் போனது. ஆலயத்தின் கூரை இடிந்து, உள்ளே புல் முளைத்தது. 1884-இல் செர்ராவின் நூற்றாண்டு நினைவை ஒட்டிப் புதுக்கூரை போட்டார்கள். 1931 முதல் ஹாரி டௌனி என்ற தச்சர் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

மக்கள் என்ன ஆனார்கள்? ஸ்பானியர் வருமுன் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3 லட்சம் பழங்குடியினர் இருந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1846-இல் அதில் பாதிதான். அம்மை போன்ற புதிய நோய்கள்தாம் பெரிய எமன். மிஷன்களின் நெரிசல் அதற்குத் துணைபோனது. பின்னர் தங்க வேட்டைக்காக வந்த அமெரிக்கர்கள் நடத்திய படுகொலைகள் அதனினும் கொடியவை. அந்தப் பழியையும் செர்ராவின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

கார்மல் பகுதியில் பேசப்பட்ட மொழிகளில் ஒன்று ரும்சென். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் இசபெல் மெடோஸ் என்ற மூதாட்டி. 1930-களில், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், ஜே. பி. ஹாரிங்டன் என்ற மொழியியலாளரோடு அமர்ந்து, நினைவிலிருந்த சொற்களையும் ஊர்க்கதைகளையும் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். அந்த வேலைக்காகவே வாஷிங்டன் போய் 1939-இல் அங்கேயே இறந்தார். இன்று அவருடைய இனத்தார் தம் மொழியை மீட்க முயல்வது அந்தக் குறிப்பேடுகளை வைத்துத்தான்.

2015 செப்டம்பர் 23-ஆம் நாள் போப் பிரான்சிஸ் வாஷிங்டனில் செர்ராவைப் புனிதராக அறிவித்தார். வழிபாட்டில் ஓலோனி இனத்து இளைஞர் ஒருவர் தம் முன்னோரின் சோசென்யோ மொழியில் மறைநூல் பகுதியை வாசித்தார். அதே இனத்தவர் பலர் அன்று எதிர்ப்பும் தெரிவித்தார்கள். சில நாள்களிலேயே கார்மல் ஆலய வளாகத்தில் இருந்த செர்ராவின் சிலையைத் தள்ளிச் சாயம் ஊற்றினார்கள். 2020-இல் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமெண்டோ நகரங்களில் அவருடைய சிலைகள் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தப்பட்டன. சாக்ரமெண்டோவில் சிலை நின்ற சட்டமன்ற வளாகத்தில், 2023-இல் பழங்குடியினருக்கு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. வீழ்த்தியது சரியா என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அந்த முடிவு ஓலோனி, எஸ்ஸெலென், குமெயாய் வீட்டுப் பிள்ளைகளுடையது; அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாதபோது நான் எங்கே!

நான் கார்மலுக்குப் போனது நாடு திரும்புவதற்கு முந்தின வாரம். ஒரு பக்க அறையில் 1924-இல் சிற்பி ஜோ மோரா வடித்த வெண்கல நினைவுச்சின்னம் இருக்கிறது. செர்ரா படுத்திருக்க, மூன்று துறவிகள் சூழ்ந்திருக்கிறார்கள். காலடியில் ஒரு கரடிக்குட்டி. வெளியே ஆலயச் சுவரை ஒட்டிப் பழங்குடியினரின் இடுகாடு. அங்கே வெண்கலம் இல்லை. மண்மேட்டைச் சுற்றி அபலோனிச் சிப்பிகளைக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் தின்று வாழ்ந்த கடலின் சிப்பிகள். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. வெயிலில் சிப்பிகள் வெளுத்துப்போயிருந்தன. கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு, கைப்பேசியை எடுத்து அம்மாவுக்கு அழைத்தேன். மலேசியாவில் அப்போது விடிகாலை. எந்த விமானம், எத்தனை மணிக்கு இறங்கும் என்று நானே சொன்னேன்.